தாதிமை ஆய்வைக் கணினியில் செய்து முடித்த அனுபவம்

சுங்கை சிப்புட்டில் ஓர் அரசாங்க கிளினிக்கில் தாதியாக வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாகத் தாதிமைப் பட்டம் படித்தேன். பட்டம் முடிக்க ஓர் ஆய்வு செய்தே ஆகவேண்டும். இனிப்பு நீர் (நீரிழிவு) உள்ள தோட்டத்து மக்கள் தங்கள் பாதங்களை எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதை எடுத்துக்கொண்டேன். 2019 தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. இந்தியர்களை மட்டும் பார்த்தால் 31.4 விழுக்காடு. 2023 ஆய்வில் நாட்டின் மொத்த அளவு 15.6 விழுக்காட்டுக்கு இறங்கியது. அப்படியும் எங்கள் டிரெஸ்ஸிங் அறைக்குப் புண்ணோடு வரும் கால்களைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். அதனால் தலைப்பைத் தேடி அலையவில்லை.

ஆய்வு என்றாலே புள்ளியியல் மென்பொருளை நினைத்துப் பயப்படும் தாதிகள் நிறைய. உண்மையில் உழைப்பைக் கேட்பது கேள்விப் படிவம். அதைச் சரியாகக் கட்டிவிட்டால் கணக்கு தானாக வழிக்கு வரும்.

முதலில் வாசிப்பு. மருத்துவக் கட்டுரைகளின் தரவுத்தளமான பப்மெட்டில் இலவசமாகத் தேடலாம். வாயில் வந்த சொல்லைத் தட்டினால் ஆயிரக்கணக்கில் வந்து கொட்டும். அங்கே ஒவ்வொரு பொருளுக்கும் ‘மெஷ்’ என்ற நிலையான தலைப்புச் சொற்கள் உண்டு. ‘டயாபெட்டிக் ஃபுட்’, ‘செல்ஃப் கேர்’ இரண்டையும் ‘ஆண்ட்’ போட்டு இணைத்தபோது பட்டியல் படிக்கிற அளவுக்குச் சுருங்கியது. கிடைத்த கட்டுரைகளை ஸொட்டெரோ என்ற மேற்கோள் மென்பொருளில் சேர்த்தேன். காசு கட்ட வேண்டாம். வேர்டில் எழுதும்போதே மேற்கோளைச் செருகும், பின்வாங்கப்பட்ட கட்டுரை இருந்தால் எச்சரிக்கும். செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் மேற்கோள் கேட்காதீர்கள். இல்லாத கட்டுரைக்குத் தலைப்பும் பக்க எண்ணும் கொடுத்துவிடும். எதையும் மூலத்தைத் திறந்து பார்த்த பிறகே சேர்க்க வேண்டும்.

அப்புறம் அனுமதி. சுகாதார அமைச்சின் கிளினிக்கில் ஆய்வு செய்ய என்எம்ஆர்ஆர் என்ற தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் இணையம் வழி பதிந்து, நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வாங்க வேண்டும். ஆய்வுத் திட்டம், கேள்வித்தாள், தகவல் தாள், சம்மதப் படிவம், துறைத் தலைவரின் கையெழுத்து எல்லாவற்றையும் ஏற்ற வேண்டும். ஒரு சின்ன விஷயம் பெரிய வேலையை மிச்சப்படுத்தும்: ஒவ்வொரு தாளின் அடியிலும் பதிப்பு எண்ணும் தேதியும் போடுங்கள், திருத்தும்போதெல்லாம் இரண்டையும் மாற்றுங்கள். தமிழ்த் தாளும் மலாய்த் தாளும் ஒரே பதிப்பாக இருக்கட்டும்.

இனி படிவம். பாதப் பராமரிப்புக்கு, 2000-இல் திருத்தி வெளியிடப்பட்ட ஒரு சுயபராமரிப்பு அளவுகோலைப் பயன்படுத்தினேன். ‘கடந்த ஏழு நாளில் எத்தனை நாள்’ என்று கேட்கும் வகை அது. அதில் பாதத்துக்கு முக்கியமாக இரண்டு கேள்வி: எத்தனை நாள் பாதத்தைப் பார்த்தீர்கள், எத்தனை நாள் சப்பாத்தின் உட்புறத்தைப் பார்த்தீர்கள். இரண்டாவது கேள்வியை முன்சோதனையில் ஒரு பாட்டியிடம் கேட்டபோது, “நான் எங்கம்மா சப்பாத்து போடறேன்? கோயிலுக்குப் போனாலும் செருப்புத்தான்” என்றார். படிவத்திலோ 0 முதல் 7 வரை எண்கள் மட்டும்தான் இருந்தன. பாட்டிக்கு 0 போட்டால் அவர் பாதத்தைக் கவனிக்காதவர் என்று கணினி எண்ணிக்கொள்ளும். அது பொய்.

அதே தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டும் அண்ணன் ஒருவர் காலையிலிருந்து ரப்பர் பூட்ஸிலேயே நிற்கிறார். நரம்பு மரத்துப்போன பாதத்துக்கு உள்ளே கிடக்கும் முள்ளோ கல்லோ தெரியாது. அவர் விஷயத்தில் இந்தக் கேள்விதான் உயிர். ஆகவே ஒரு கேள்வியை முன்னால் சேர்த்தேன்: வேலைக்கும் வீட்டிலும் காலில் என்ன போடுகிறீர்கள்? பூட்ஸ் அல்லது சப்பாத்து என்று சொன்னவருக்கு மட்டும் அடுத்த கேள்வி திறக்கும். மற்றவர்களுக்குப் ‘பொருந்தாது’ என்று தனியாகப் பதிவாகும். அளவுகோலின் கேள்வியில் இப்படிக் கை வைத்ததால் இரண்டையும் சேர்த்துச் சராசரி போட முடியாது. மேற்பார்வையாளரிடம் பேசி, இரண்டையும் தனித்தனியாகவே அறிக்கையில் கொடுத்தேன்.

இந்தத் திறப்பும் மூடலும் தாளில் செய்தால் குழப்பம். கோபோடூல்பாக்ஸ் என்ற இலவசக் கருவியில் எக்செல் தாள் ஒன்றிலேயே எல்லாவற்றையும் எழுதிவிடலாம். ஒரு பத்தியில் தமிழ்க் கேள்வி, பக்கத்துப் பத்தியில் மலாய்க் கேள்வி, இன்னொன்றில் நிபந்தனை. ஏழுக்கு மேல் எண் போட்டால் டேப்லெட் ஏற்காது. இணையம் இல்லாமலேயே பதிலைச் சேமித்து, பிறகு அனுப்பும். செம்பனைக்குள் போனால் லைன் கிடைக்காத எங்கள் ஊர்ப் பக்கத்துக்கு இது அவசியம். இடத்தைப் பதியும் வசதியும் அதில் இருக்கிறது. நான் அதைச் சேர்க்கவே இல்லை. லயத்து வீட்டைப் புள்ளியாகக் காட்டிவிட்டால் பெயரை மறைத்து என்ன பயன்?

தமிழில் தட்டச்சு செய்வதில் ஒரு கவனம் வேண்டும். பழைய பாமினி எழுத்துருவில் அடித்த கேள்வித்தாளை இதில் ஒட்டினால் ஆங்கில எழுத்துகளாகச் சிதறிவிடும். யுனிகோடில் அடித்ததுதான் நிலைக்கும். நம் நாட்டு முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் என்ற தமிழ் விசைப்பலகைச் செயலியை டேப்லெட்டில் போட்டு, பெரியவர்கள் சொன்னதை அவர்கள் பேச்சிலேயே குறித்துக்கொண்டேன்.

ஏழு நாளை நினைவுபடுத்துவது பெரியவர்களுக்குச் சுலபமில்லை. “போன வாரப் பாசார் மாலாம் (இரவுச் சந்தை) அன்னிக்குப் பார்த்தீங்களா? மறுநாள்?” என்று நாள் நாளாக நடத்திக் கூட்டிக்கொண்டு போனால் பதில் வருகிறது. “ஏழு நாளில் எத்தனை?” என்று மொட்டையாகக் கேட்டால் “தினமும்தான் மிஸ்ஸி” என்று முடித்துவிடுவார்கள். மிஸ்ஸி, அதாவது தாதி, மனம் கோணக்கூடாதே என்ற மரியாதை அது. இதனால் சீருடையில் போகவில்லை. என்னிடமே மருந்து வாங்குகிறவர்களை வேறு கிளினிக்கிலிருந்து வந்த தோழி கேட்டார். எந்த மென்பொருளும் இதைச் செய்து தராது.

எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் சம்மதம் வாங்கும்போது, ஆய்வுக் குழுவில் இல்லாத ஒரு சாட்சி கூட இருக்க வேண்டும். பக்கத்தில் இருக்கிறார் என்று மண்டோரை (வேலை மேற்பார்வையாளரை) கூப்பிடாதீர்கள். அவர் நல்லவராகவே இருக்கலாம். அவர் எதிரில் “எனக்கு விருப்பமில்லை” என்று சொல்ல ஒரு தொழிலாளிக்கு வாய் வருமா? மகளோ பக்கத்து வீட்டு அக்காவோ போதும்.

பெயரும் ஐசி (அடையாள அட்டை) எண்ணும் டேப்லெட்டில் இல்லை. ஆளுக்கொரு குறியீட்டு எண். எந்த எண் யாருக்கு என்ற பட்டியல் தாளில், பூட்டிய அலமாரியில் இருந்தது.

தரவை இறக்கி எக்செலில் நேராகத் திறந்தால் தமிழ் எல்லாம் புரியாத குறிகளாகத் தெரியலாம். தரவு கெடவில்லை, பதற வேண்டாம். ‘டேட்டா’ பட்டியலில் போய் ‘ஃப்ரம் டெக்ஸ்ட்’ வழியாக, யுடிஎஃப்-8 தேர்ந்து திறந்தால் எழுத்து சரியாக வந்துவிடும். மூலக் கோப்பைத் தொடாமல் தனியாக வைத்துவிட்டு நகலில் வேலை செய்யுங்கள். என்ன மாற்றினீர்கள் என்று ஒரு குறிப்பும் வைத்துக்கொள்ளுங்கள்.

பதில் இல்லாத இடத்துக்கு 99 போடும் பழக்கம் பலருக்கு உண்டு. அது விடுபட்ட பதில் என்று மென்பொருளிடம் சொல்லாவிட்டால் அதையும் நாள்கணக்கில் சேர்த்து, வாரத்துக்கு இருபது நாள் பாதம் பார்த்ததாகச் சராசரி காட்டும். எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருளுக்கு உரிமம் இல்லாதவர்கள் ஜமோவியை எடுத்துக்கொள்ளலாம். இலவசம், எஸ்பிஎஸ்எஸ் கோப்பையும் திறக்கும். எங்கள் பதில்கள் 0-விலும் 7-இலும் குவிந்து, நடுவில் காலியாக இருந்தன. அப்படிப்பட்ட தரவுக்குச் சராசரி ஒத்துவராது. பதில்களை வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் இடைநிலை எண்ணைக் கொடுத்து, குழுக்களை மான்-விட்னி சோதனையால் ஒப்பிட்டேன். எதிர்பார்ப்பு எண்ணிக்கை ஐந்துக்குக் கீழே போன கட்டங்கள் உள்ள அட்டவணைகளுக்குக் கை-வர்க்கச் சோதனைக்குப் பதிலாக ஃபிஷர் சோதனை. இந்தப் பகுதி நான் நினைத்ததைவிட வேகமாக முடிந்தது.

ஆய்வேடு ஏற்கப்பட்ட பிறகு, கலந்துகொண்டவர்களுக்கு முடிவைச் சொல்லத் தோட்டத்து மண்டபத்தில் ஒரு மாலை கூடினோம். பூட்ஸைத் தலைகீழாகத் தட்டி, உள்ளே கண்ணால் பார்த்த பிறகு போடுவதைச் செய்து காட்டினேன். கிளினிக்கில் பாதப் பரிசோதனைக்கு வருகிறவர்களிடம் ‘வேலைக்குக் காலில் என்ன போடுறீங்க?’ என்றும் இப்போது கேட்கிறேன். படிவத்தின் தமிழ் எக்செல் தாள் என்னிடம் இருக்கிறது. வேறு தோட்டப்புறத்தில் இதைச் செய்ய நினைக்கும் தாதிகள் கேட்டால் தருகிறேன். உங்கள் ஊர்க் கால்களுக்கு ஏற்றபடி முதல் கேள்வியை மாற்றிக்கொள்ளுங்கள், மாற்றிய தாளுக்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வாங்கிவிட்டுத் தொடங்குங்கள்.