பைசன் 3 இறங்கியாச்சு, ஓடுவது என்னவோ 2.3தான்

ஒரு மொழியின் இலக்கண விதிகள் உள்ள கிராமர் ஃபைலைப் படித்து, அந்த மொழியை அலசும் நிரலை (பார்சர்) உருவாக்கித் தரும் கருவிதான் பைசன். உபுண்டு போன்ற லினக்ஸில் 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால் பைசன்' என்று அடித்தால் கதை முடிந்தது. வம்பெல்லாம் மேக்கில்தான்.

கிராமர் ஃபைலில் '%டிஃபைன் பார்ஸ்.எர்ரர் வெர்போஸ்' என்ற சாதாரண வரி. அதற்குக் கிடைத்த பதில்: 'சின்டாக்ஸ் எர்ரர், அன்எக்ஸ்பெக்டட் ஐடென்டிஃபையர், எக்ஸ்பெக்டிங் ஸ்ட்ரிங்'. இதைப் பார்த்தால் யாருக்கும் தன் கிராமர் மேல்தான் சந்தேகம் வரும். பாதி நாள் அதிலேயே போய்விடும். வரியில் ஒரு குற்றமும் இல்லை. மேக்கோடு வரும் பைசன் 2006-ஆம் ஆண்டின் 2.3, இந்த வரி அதற்குப் புரியாது. பிந்தைய வெளியீடுகள் ஜிபிஎல் உரிமத்தின் மூன்றாம் பதிப்புக்கு மாறியதால் ஆப்பிள் அங்கேயே நின்றுவிட்டது. மேக்கில் பாஷ் ஷெல் 3.2-லேயே நிற்பதற்கும் அதே காரணம்தான். பிஹெச்பி 7.4-ஐயோ அதற்குப் பிந்தையதையோ கிட்டில் எடுத்த சோர்ஸிலிருந்து பில்ட் செய்தாலும் குறைந்தது பைசன் 3.0 இல்லாமல் நகராது.

கிராமரின் முதல் வரியிலேயே '%ரெக்வயர் "3.2"' என்று போட்டுவிடுங்கள். அப்போது 2.3 சுற்றி வளைக்காமல் 'ரெக்வயர் பைசன் 3.2, பட் ஹேவ் 2.3' என்று சொல்லி, 63 என்ற எக்ஸிட் கோடோடு நின்றுவிடும். இந்த ஒரு வரி இருந்திருந்தால் அந்தப் பாதி நாள் மிச்சம்.

மேக்கில் மென்பொருள் நிறுவ உதவும் ஹோம்ப்ரூ இருந்தால், 'ப்ரூ இன்ஸ்டால் பைசன்' ஒரு நிமிட வேலை. ஆனால் அதற்குப் பிறகும் 'பைசன் --வெர்ஷன்' 2.3 என்றே காட்டும். ஹோம்ப்ரூ இதை 'கெக்-ஒன்லி' என்று தனியே வைக்கிறது. சிஸ்டத்தில் அதே பெயரில் ஒன்று இருப்பதால் பாத்தில் (ஷெல் கட்டளைகளைத் தேடும் அடைவுகளின் பட்டியலில்) சேர்க்காது. 'ப்ரூ லிங்க் --ஃபோர்ஸ்' போட்டுப் பார்த்தால் அதற்கும் மறுப்புதான். நாமே சேர்க்க வேண்டும்: எம் வரிசைச் சிப் என்றால் '/ஆப்ட்/ஹோம்ப்ரூ/ஆப்ட்/பைசன்/பின்', பழைய இன்டெல் என்றால் '/யூஎஸ்ஆர்/லோக்கல்/ஆப்ட்/பைசன்/பின்'. பாத்தின் தொடக்கத்தில் வர வேண்டும். கடைசியில் ஒட்டினால் பழையதே முந்திக்கொள்ளும்.

எழுதும் இடம், மேக்கின் இஸட்எஸ்எச் ஷெல் தொடங்கும்போது படிக்கும் '.இஸட்எஸ்எச்ஆர்சி' ஃபைல். '.இஸட்எஸ்எச்என்வி'யில் எழுதினால், பின்னால் ஓடி பாத்தை அமைக்கும் மேக்கின் பாத்_ஹெல்ப்பர், சிஸ்டம் அடைவுகளை மறுபடி முன்னால் தள்ளிவிடும். திறந்திருக்கும் டெர்மினலில் 'சோர்ஸ் ~/.இஸட்எஸ்எச்ஆர்சி' கொடுத்துவிட்டு 'விச் பைசன்' பாருங்கள். இன்ஸ்டால் முடிந்ததும் ப்ரூ காட்டும் எல்டிஃபிளாக்ஸ் வரியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அது லிப்வை லைப்ரரிக்கானது; மெயின், வைவைஎர்ரர் என்ற ஃபங்ஷன்களை நாமே எழுதியிருந்தால் தேவையே இல்லை.

இத்தனைக்கும் பிறகு, பில்ட்டை நடத்தும் கருவியான சிமேக் பழையதையே கூப்பிடும். முதல் ஓட்டத்தில் கண்ட முழுப் பாதையை சிமேக்கேஷ் ஃபைலில் எழுதி வைத்திருக்கும். பாத் மாறினாலும் திரும்பிப் பார்க்காது. பில்ட் அடைவை அழித்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள், இல்லையென்றால் '-டிபைசன்_எக்ஸிக்யூட்டபிள்=' என்று புதிய பாதையைக் கொடுங்கள். ஸ்கிரிப்டில் எழுதும்போது பதிப்பு எண் உள்ள 'செல்லார்' பாதையைத் தொடாதீர்கள். அடுத்த அப்கிரேடில் பழைய அடைவை ப்ரூ துடைத்துவிடும். 'ஆப்ட்' பாதை மட்டும் மாறாது. பதிப்பே மாறக் கூடாதென்றால் 'ப்ரூ பின் பைசன்'.

புதியது ஓடத் தொடங்கியதும் எச்சரிக்கைகள் கொட்டும்: '%எர்ரர்-வெர்போஸ்' காலாவதி, '%நேம்-ப்ரிஃபிக்ஸ்' காலாவதி. 3.3 முதல் 'பைசன் --அப்டேட்' இவற்றைத் தானே திருத்தி, பழைய ஃபைலைப் பெயரின் கடைசியில் ~ சேர்த்து வைத்துவிடும். ஆனால் திருத்திய கிராமரை 2.3 படிக்காது, குழுவில் எல்லோரும் மாறிய பிறகே கமிட் செய்யுங்கள்.

எது ஓடியது என்ற சந்தேகம் தீராவிட்டால், உருவான '.டேப்.சி' ஃபைலின் முதல் வரியைப் பாருங்கள். பார்சரை உருவாக்கிய பைசனின் பதிப்பு எண் அங்கேயே இருக்கும்.