அக்கரைப் பேச்சு

கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணையின் தண்ணீர் ஓரத்தில், ஒரே பாறைமேல், ஒரே நாளில் இரண்டு முறை நின்றேன். சித்திரை மாதம்.

மதியம் அக்கரையில் ஒரு பெண் துணி துவைத்துக்கொண்டிருந்தார். துணி கல்லில் விழுவது கண்ணுக்குத் தெரிந்தது, சத்தம் துளியும் வரவில்லை. என் முதுகுப் பக்கமிருந்து அனல்காற்று அக்கரையை நோக்கி வீசியது. காற்றை எதிர்த்து வரும் ஒலி மேல்நோக்கி வளைந்து, நம் தலைக்கு மேலே போய்விடும்.

அணைக்கட்டு வாசலில் பொரித்த மீன் (கிருஷ்ணகிரிக்கு வந்தும் இதைச் சாப்பிடாமல் போகாதீர்கள்) சாப்பிட்டுவிட்டு ஆறு மணிக்குத் திரும்பி வந்தேன். காற்று அடங்கியிருந்தது. நந்தி மலையில் பிறந்து, ஓசூர் கெலவரப்பள்ளியைத் தாண்டி வரும் தென்பெண்ணை, அலையில்லாமல் கிடந்தது.

"வலைய அங்க போடாதடா, முள்ளு கெடக்கு."

பக்கத்தில் யாரோ பேசுவதாக நினைத்துத் திரும்பினேன். யாருமில்லை. பேசியவர்கள் வெகுதூரத்தில், பரிசலில்! எனக்குச் சிலிர்த்துவிட்டது.

அக்கரையில் ஒருவர் மாட்டுக்கு முளைக்குச்சி அடித்துக்கொண்டிருந்தார். அடி விழுந்து இரண்டு நொடி கழித்துச் சத்தம் வந்தது. ஒலி காற்றில் 20 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் நொடிக்கு 343 மீட்டர் போகும், ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.6 மீட்டர் கூடும். அப்படியென்றால் எழுநூறு மீட்டராவது இருக்கும்.

அந்த 0.6 மீட்டரில்தான் சூட்சுமமே. நாளெல்லாம் காய்ந்த காற்று மேலே சூடாக இருக்க, தண்ணீரை ஒட்டிய காற்று மட்டும் குளிர்ந்திருக்கிறது. மேலே ஒலி வேகமாகவும் கீழே மெதுவாகவும் போவதால், வானத்துக்குப் போக வேண்டிய சத்தம் கீழே மடங்குகிறது. புல்லும் மண்ணும் என்றால் கொஞ்சம் உறிஞ்சிவிடும். அசையாத தண்ணீர் அப்படியே திருப்பி அனுப்புகிறது. எழும்பி, மடங்கி, மறுபடி எழும்பி, தவளைக்கல் போலத் தத்தித் தத்தி வருகிறது பேச்சு.

கரையில் வலை உதறிக்கொண்டிருந்த பெரியவரிடம் கேட்டேன்.

"காத்து நின்னுட்டா அப்படித்தான் சார். தண்ணி மேல நின்னு யாரைப் பத்தியும் பேசாதேன்னு எங்கப்பா சொல்வாரு. மார்கழியில விடியக்காலம், எந்த ஊரு கோயில் பாட்டுன்னே தெரியாது, அத்தனையும் கேக்கும்."

மார்கழியில் இரவெல்லாம் தரை குளிர்ந்து அதே வேலையைச் செய்கிறது.

அவர் அக்கரைப் பக்கம் முகத்தைத் திருப்பி, கத்தாமல், சாதாரணக் குரலைவிடக் கொஞ்சம் உயர்த்தி, "சின்னவனே, சோறு ஆக்கியாச்சா?" என்றார்.

ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணினேன்.

"ஆச்சுப்பா."