24 என்று சொல்லி 50 அனுப்பினோம்

வேலைக்குச் சேர்ந்து ஏழெட்டு மாதம் ஆகியிருக்கும். ஒரு ரத்தப் பரிசோதனை மையத்துக்கு நாங்கள் செய்துகொடுத்த பதிவுச் செயலியில் சில பெயர்கள் மட்டும் சேமிக்கப்படவில்லை என்று புகார் வந்தது. எந்தெந்தப் பெயர்கள் என்று வரவேற்பு மேசையில் இருந்த அக்காவிடம் போனில் கேட்டேன். "தமிழ்ல அடிச்சா போகாதுங்க. இங்கிலீஷ்ல அடிச்சா போயிடும். நாங்களும் அப்படியே பழகிட்டோம்" என்றார்.

பழகிட்டோம் என்ற அந்தச் சொல் இன்றும் எனக்கு உறுத்துகிறது. நோயாளிகள் படிவத்தில் தமிழில் எழுதிக் கொடுத்த பெயர்களை எல்லாம், எங்கள் நிரலில் இருந்த பிழைக்காக அவர்கள் ஆங்கில எழுத்துக்கு மாற்றி அடித்திருக்கிறார்கள்.

இரண்டு நாள் தேடினேன். டேட்டாபேஸ், எல்லா மொழி எழுத்துகளுக்கும் குறி தரும் யுனிகோடில்தான் இருந்தது. ஃபான்ட், கீபோர்டு எதிலும் கோளாறு இல்லை. செயலியிலிருந்து கிளம்பும் பெயரும் முழுதாகவே இருந்தது. மூன்றாம் நாள் குழுவின் மூத்த அண்ணா பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "பாடியையே பார்த்துட்டு இருக்கியே தம்பி, ஹெடர் என்ன சொல்லுதுன்னு பாத்தியா?"

பார்க்கவில்லை. ஹெடர் என்பது பிரவுசரும் சர்வரும் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் சமாசாரம் என்று அதுவரை நினைத்திருந்தேன். கோரிக்கையோ பதிலோ, முதலில் ஒரு வரி வரும். அதன் கீழே வரிக்கு ஒன்றாக ஹெடர்கள்: பெயர், ஒரு முக்காற்புள்ளி, மதிப்பு. பிறகு ஒரு வெற்று வரி. அதற்கு அப்புறம்தான் பாடி, அதாவது அனுப்ப வேண்டிய விஷயம். எதிர்முனையில் இருக்கும் சர்வரும் இதே வரிசையில்தான் படிக்கிறது. பாடியில் ஓர் எழுத்தைக்கூடப் பார்க்கும் முன்பே, அதை எப்படிப் படிப்பது என்பதை ஹெடரை வைத்து முடிவு செய்துவிடுகிறது. எந்தத் தளத்துக்கு வந்தது என்று ஹோஸ்ட் சொல்லும், உள்ளே இருப்பது படமா, ஜேசான் என்ற வடிவில் எழுதிய தரவா என்று கன்டென்ட்-டைப் சொல்லும், எத்தனை பைட் என்று கன்டென்ட்-லெங்த் சொல்லும்.

எங்கள் தவறு இந்தக் கடைசி ஹெடரில் இருந்தது. 1991-இல், பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் முறையான எச்டிடிபி முதலில் வந்தபோது ஹெடரே கிடையாது. ஒரே வரியில் கேட்பார்கள், சர்வர் பக்கத்தை அனுப்பிவிட்டு இணைப்பைத் துண்டிக்கும். துண்டித்தால் முடிந்தது என்று பொருள். 1997-இல் வந்த 1.1 பதிப்பில் ஒரே இணைப்பைத் திறந்தே வைத்துப் பல கோரிக்கைகளை அனுப்புவது வழக்கமானது. அப்படியானால் ஒன்று எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது? அதைச் சொல்லத்தான் நீளம். பாடியைத் துண்டு துண்டாக அனுப்பும் முறையும் உண்டு, ஆனால் எதிர்முனை சர்வர் அதை ஏற்காது. அதனால் எங்கள் குழுவில் யாரோ நீளத்தைக் கையால் எழுதியிருந்தார்கள். ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழியில் சரத்தின் (எழுத்துத் தொடரின்) நீளம் என்ன வருகிறதோ, அதையே ஹெடரில் போட்டிருந்தார்கள்.

அண்ணா ஒரு தாளை எடுத்து, தமிழ்ச்செல்வி என்று எழுதச் சொன்னார். கண்ணுக்கு ஏழு எழுத்து. ஜாவாஸ்கிரிப்ட் எண்ணினால் 13, ஏனென்றால் புள்ளியும் கொம்பும் யுனிகோடில் தனித்தனிக் குறிகள். குறிகளை பைட்டுகளாக மாற்றும் யுடிஎஃப்-8 முறையில் அந்த ஒவ்வொரு குறிக்கும் 3 பைட், ஆக 39. பெயரைச் சுற்றி இருக்கும் ஜேசான் அடைப்புகளும் 'நேம்' என்ற சொல்லும் ஆங்கில எழுத்தில் 11 பைட். ஆக, ஹெடரில் 24 என்று சொல்லிவிட்டு 50 பைட் அனுப்பிக்கொண்டிருந்தோம். ஆங்கிலப் பெயரில் எழுத்துக்கு ஒரு பைட், இரண்டு எண்ணும் ஒன்றாகவே வரும். எங்கள் சோதனைப் பெயர்கள் எல்லாமே ஆங்கிலத்தில் இருந்தன.

எதிர்முனை சர்வரின் லாகை, அதாவது அது பதிந்து வைக்கும் குறிப்பை, கேட்டு வாங்கினோம். 24 பைட் எண்ணி முடித்த இடத்தில் பாடி நின்றிருந்தது. பெயருக்கு முன்னால் இருந்த 9 பைட் போக மீதி 15. அதில் தமிழ் என்ற சொல் மட்டும் முழுதாக வந்திருந்தது. மேற்கோள் மூடவில்லை, அடைப்பும் மூடவில்லை, எனவே 400 பிழை, அதாவது கோரிக்கை சரியில்லை என்ற பதில். மிச்சமிருந்த ச்செல்வி? லாரி ரசீதில் 24 மூட்டை என்று இருந்தால் குடோன்காரர் 24-ஐ இறக்கிவிட்டு மீதியை வேறு யாருடைய சரக்கோ என்று நினைப்பாரே, அதேபோல அதை அடுத்த கோரிக்கையின் முதல் வரி என்று அந்த சர்வர் எடுத்துக்கொண்டு இன்னொரு 400 பதிந்திருந்தது. அந்த சர்வரை நான் குறை சொல்ல மாட்டேன். நாங்கள் சொன்னதை அது நம்பியது, அவ்வளவுதான். (கூடுதலாகச் சொல்லியிருந்தால் வராத பைட்டுகளுக்காகக் காத்துக் கிடந்திருக்கும்.)

சரத்தின் நீளத்துக்குப் பதிலாக பைட் நீளத்தைப் போட்டோம். ஒரே வரி மாற்றம். எங்கள் சோதனைப் பட்டியலில் அன்றே தமிழ், இந்தி, மலையாளப் பெயர்களைச் சேர்த்தேன்.

ஆனால் ஏற்கெனவே ஆங்கிலத்தில் ஏறிவிட்ட பெயர்களை நிரல் எழுதித் திருப்ப முடியவில்லை. அவர் வள்ளியா வல்லியா என்று ஆங்கில எழுத்து சொல்லாது. நல்லவேளையாக மையத்தில் காகிதப் படிவங்களைக் கட்டி வைத்திருந்தார்கள். இரண்டு சனிக்கிழமை அங்கே போய் உட்கார்ந்தேன். அக்கா படிவத்தைப் பார்த்துப் பெயரைச் சத்தமாக வாசித்தார், நான் அடித்தேன்.