எத்தனை மில்லி போயிருக்கு?

இருதய வார்டில் ராத்திரி டூட்டி முடித்து ஓவர் கொடுக்கும்போது, அதாவது நோயாளிகளை அடுத்த ஷிஃப்ட்டிடம் ஒப்படைக்கும்போது, ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு கணக்கு உண்டு. "7ஆம் பெட், லாசிக்ஸ் 40 ரெண்டு வேளை ஐ.வி., உள்ளே போனது 1200, வெளியே வந்தது 2100, எடை ஒன்றரைக் கிலோ குறைஞ்சிருக்கு." லாசிக்ஸ் என்பது உடம்பில் தேங்கிய நீரைச் சிறுநீராக வெளியேற்றும் மருந்து. அடுத்து வருகிற சிஸ்டர் கவனமாகக் கேட்டு எழுதிக்கொள்வது அந்த 2100ஐத்தான், அதாவது எத்தனை மில்லி சிறுநீர் போயிருக்கிறது என்பதை. பயிற்சிக்கு வரும் மாணவிகளுக்கு இது ஏமாற்றமாக இருக்கும். ஈ.சி.ஜி. படிக்கக் கற்றுக்கொள்ளலாம் என்று ஆசையாக வந்தவர்கள் கையில் அளவு ஜாடியைக் கொடுத்தால் முகம் சுருங்கத்தானே செய்யும். ஆனால் இதயம் பலவீனமான ஒருவர் தேறுகிறாரா, மோசமாகிறாரா என்பதை மானிட்டருக்கு முன்பே அந்த ஜாடி எனக்குச் சொன்ன ராத்திரிகள் நிறைய. பல வருடங்களை இந்த வார்டிலேயே கழித்த பிறகு, இதய நோயாளியைப் பார்த்துக்கொள்வதில் பாதி வேலை சிறுநீரைப் பற்றியது என்றே நினைக்கிறேன். அதைப் பற்றி அவர்களைக் கூச்சமில்லாமல் பேசவைப்பதுதான் இருப்பதிலேயே சிரமமான வேலை.

இதயம் ரத்தத்தைச் சரியாகத் தள்ள முடியாதபோது சிறுநீரகத்துக்கு வந்துசேரும் ரத்தமும் குறைகிறது. உடம்பில் நீர் வற்றிவிட்டது என்று எடுத்துக்கொண்டு சிறுநீரகம் உப்பையும் தண்ணீரையும் பிடித்து வைக்கிறது. ஏற்கெனவே திணறுகிற இதயத்துக்கு இன்னும் சுமை. அந்த நீர் கணுக்காலில் இறங்கும், வயிற்றில் தங்கும், கடைசியில் நுரையீரலில் ஏறும். ராத்திரி படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்கினேன் என்று சொல்லிக்கொண்டு வருபவர்கள் இந்த நிலையில்தான் வருகிறார்கள். லாசிக்ஸை நரம்பில் போட்டால் 5 நிமிடத்தில் வேலை செய்யத் தொடங்கிவிடும். முதல் 6 மணி நேரத்தில் மணிக்கு 100 மில்லிகூடப் போகவில்லை என்றால் டாக்டரைக் கூப்பிட்டுவிட வேண்டும், மருந்து போதவில்லை. அதற்காக அதிக அளவை அவசரமாகத் தள்ளிவிடவும் கூடாது. நிமிடத்துக்கு 4 மில்லிகிராமுக்கு மேல் போனால் காது கேட்கும் திறனே பாதிக்கப்படலாம்.

ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ எடை. அதனால்தான் தினமும் காலையில் எடை பார்க்கிறோம். சிறுநீர் கழித்த பிறகு, வயிற்றுக்கு எதுவும் போவதற்கு முன், அதே மெஷினில், ஏறக்குறைய அதே துணியோடு. எழுந்து நிற்க முடியாதவர்களுக்குக் கணுக்காலை அழுத்திப் பார்த்தால் போதாது. நாள் முழுக்கப் படுத்திருப்பவருக்கு நீர் முதுகின் அடிப்பகுதியில், இடுப்புக்குக் கீழேதான் சேரும். கால் வற்றிவிட்டது என்று மகன் சந்தோஷப்படும்போது ஒருக்களித்துப் படுக்கவைத்துப் பார்த்தால் அங்கே விரல் பதிந்த குழி அப்படியே நிற்கும்.

உள்ளே போகும் கணக்கு இன்னும் வேடிக்கையாகப் பிசகும். ஒன்றரை லிட்டருக்குள் இருக்க வேண்டும் என்று சொன்னால் தண்ணீரை மட்டும் அளப்பார்கள். ரசம், மோர், கஞ்சி, பார்க்க வந்தவர்கள் வாங்கிக்கொடுத்த ஜூஸ் எதுவும் கணக்கில் வராது. அதையெல்லாம் கேட்டுக் கேட்டு எழுத வேண்டும். சலிப்பான வேலைதான். ஆனாலும் அந்தச் சார்ட்டில் "போதுமான அளவு" என்று எழுதிவைக்கும் பழக்கத்தை நான் கொஞ்சமும் ஏற்றுக்கொள்வதில்லை. எவ்வளவு என்று எண் இல்லாவிட்டால் மறுநாள் ரவுண்ட்ஸில் டாக்டர் எதை வைத்து மருந்தைக் கூட்டுவார், குறைப்பார்?

இப்போது கூச்சத்துக்கு வருகிறேன். படுக்கையிலேயே சிறுநீர் கழிக்க வைக்கும் பெட்பேனைக் கேட்க வெட்கப்பட்டுத் தண்ணீரே குடிக்காமல் கிடக்கும் பெண்களை வாரத்துக்கு ஒருவரையாவது பார்க்கிறேன். "எத்தனை தடவை போனீங்க?" என்று கேட்டால் பக்கத்துக் கட்டிலைப் பார்த்துவிட்டு, "போனேன் சிஸ்டர்" என்பதோடு முடித்துக்கொள்வார்கள். ஆண்கள், அதிலும் வயதானவர்கள், மகளோ மருமகளோ அட்டெண்டராக இருந்தால் பகல் முழுக்க அடக்கிக்கொள்வார்கள். நான் திரையை இழுத்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, கையை மணிக்கட்டில் வைத்தபடி கேட்பேன். நாடி பார்ப்பது போலத்தான் மற்றவர்களுக்குத் தெரியும்.

ஓர் அம்மா, அறுபது வயதிருக்கும், மூச்சுத் திணறலோடு திரும்பத் திரும்ப அட்மிட் ஆகிக்கொண்டிருந்தார். மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாராம், உப்பைக் குறைத்துவிட்டாராம், வீட்டில் எல்லோரும் சத்தியம் செய்தார்கள். ஒருநாள் தலை சீவிவிடும்போது கேட்டேன்.

"காலையில எத்தனை மணிக்கு அந்தத் தண்ணி மாத்திரையைப் போடுறீங்கம்மா?"

"வீட்ல இருக்கிற அன்னிக்கு எட்டு மணிக்குத் தாயி."

"வீட்ல இல்லாத அன்னிக்கு?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார். பேத்தியைப் பார்க்க, கோவிலுக்கு, கல்யாணத்துக்கு, ஏன், எங்கள் ஆஸ்பத்திரிக்கு மாத்திரை வாங்க வருகிற நாளில்கூட அதைப் போடுவதில்லை. ரெண்டரை மணி நேரம் பஸ். நடுவில் எங்கே இறங்குவது? பஸ் ஸ்டாண்டில் இருக்கிற கழிப்பறைக்குள் கால் வைக்க முடியுமா? "ஆம்பளைன்னா ஓரமா ஒதுங்கிருவாங்க. நான் எங்க போவேன்?" மாசி பங்குனியில் விசேஷங்கள் தொடர்ந்து வர, மாத்திரை விட்டுப்போன நாட்களும் தொடர்ந்து வந்திருக்கின்றன. கேஸ் ஷீட்டில் 'மருந்து ஒழுங்காக உட்கொள்வதில்லை' என்று ஒரே வரியில் எழுதிவிடக்கூடிய விஷயம் இது. எனக்கு அந்த வரி அநியாயமாகப் பட்டது. டாக்டரிடம் சொன்னேன். வெளியே போகும் நாளில் வீடு திரும்பிய பிறகு, பிற்பகலில் போட்டுக்கொள்ளலாம், விடத்தான் கூடாது என்று அவரே வந்து உட்கார்ந்து விளக்கினார். சாயங்காலம் தாண்டினால் ராத்திரித் தூக்கம் கெடும் என்பதையும் சொன்னார். அந்த அம்மாவுக்கு அதற்குமுன் யாரும் நேரத்தை மாற்றிக்கொள்ளலாம் என்று சொன்னதே இல்லை.

இந்தச் சங்கடத்துக்கெல்லாம் சிறுநீர்ப்பைக்குள் ட்யூப் போட்டுவிட்டால் தீர்ந்தது என்று அட்டெண்டர்கள் நினைப்பார்கள். "இன்னும் ரெண்டு நாள் இருக்கட்டும் சிஸ்டர், எங்களுக்கும் சிரமம் இல்ல" என்று கேட்காத குடும்பம் குறைவு. சில வார்டுகளில் ஊழியர்களுக்கும் அதுதான் வசதி. 1930களில் அமெரிக்க மருத்துவர் ஃபிரெடெரிக் ஃபோலி உருவாக்கிய, நுனியில் பலூன் வைத்த இந்தக் குழாய் எத்தனையோ உயிர்களுக்கு உதவியிருக்கிறது. நினைவில்லாமல் வருபவருக்கு, சிறுநீர் அடைத்துக்கொண்டவருக்கு, மணிக்கு மணி அளக்க வேண்டிய மோசமான நிலையில் இருப்பவருக்கு அது வேண்டும். ஆனால் குழாய் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் 100 பேரில் 3 முதல் 7 பேருக்குச் சிறுநீரில் கிருமி சேர்கிறது. ஒரு மாதம் இருந்தால் ஏறக்குறைய எல்லோருக்கும். இதய நோயாளிக்கு இதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. சிறுநீர்ப் பாதையில் குடியிருக்கும் எண்டிரோகாக்கஸ் போன்ற கிருமி ரத்தத்தில் கலந்தால், பழுதான வால்விலோ மாற்றிவைத்த செயற்கை வால்விலோ போய் ஒட்டிக்கொள்ளலாம். அப்புறம் வாரக்கணக்கில் நரம்பு வழியாக ஆன்டிபயாடிக்.

அதனால் காலை ரவுண்ட்ஸில் டாக்டர் அடுத்த கட்டிலுக்கு நகர்வதற்குள் "சார், இவருக்கு ட்யூப் இன்னும் வேணுமா?" என்று கேட்டுவிடுவேன். எடுக்கும் வரை அதைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. தொடையில் பிளாஸ்டர் போட்டு இழுபடாமல் ஒட்ட வேண்டும். பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், தரையைத் தொடக் கூடாது. மூன்றில் இரண்டு பங்கு நிறைவதற்குள் காலி செய்ய வேண்டும். எக்கோ எடுக்க ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோகும்போதுதான் பிசகும். தள்ளுபவர் பையைத் தூக்கி நோயாளியின் வயிற்றின் மேல் வைத்துவிடுவார், பையில் கிடந்த சிறுநீர் திரும்ப உள்ளே ஓடும். கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்பும் சிறுநீரைப் பையிலிருந்து பிடிக்கக் கூடாது, குழாயில் அதற்கென்று உள்ள போர்ட்டைச் சுத்தம் செய்து சிரிஞ்சால் எடுக்க வேண்டும். கலங்கலாக இருக்கிறது, வாடை வருகிறது என்பதற்காக மட்டும் கல்ச்சர் அனுப்புவதும் தேவையில்லை. காய்ச்சல், குளிர் நடுக்கம், விலாவில் வலி இவற்றைத்தான் பார்க்க வேண்டும். வயதானவர்களுக்குக் காய்ச்சலே வராமல் திடீரென்று குழப்பமாகப் பேசத் தொடங்கலாம், ஆனால் குழப்பத்துக்குச் சிறுநீர்த் தொற்று ஒன்றே காரணம் என்று முடிவுகட்டிவிடவும் முடியாது.

அப்படி ஒரு ராத்திரி எனக்கு மறக்காது. மாரடைப்பு வந்து தேறிக்கொண்டிருந்த எழுபத்தைந்து வயது ஐயா. பத்து மணியிலிருந்து ஒரே அலட்டல். ஐ.வி. லைனைப் பிடுங்குகிறார், கட்டிலை விட்டு இறங்கப் பார்க்கிறார், வியர்வை, பி.பி. ஏறுகிறது. மகன் பயந்துபோய் தூக்க ஊசி போடச் சொல்லிக் கெஞ்சினார். "காலையிலேர்ந்து ஒன்னுக்குப் போனாரா தம்பி?" என்று கேட்டேன். சொட்டுச் சொட்டாகப் போனது என்றார். அடிவயிற்றில் கை வைத்தேன், தொப்புள் வரை தேங்காய் மாதிரி திரண்டு நின்றது. ஏற்கெனவே ப்ராஸ்டேட் வீக்கம், போதாததற்கு மூக்கொழுகுகிறது என்று வெளியே மெடிக்கலில் வாங்கிவந்து கொடுத்த ஜலதோஷ மாத்திரை. அந்த மாதிரி மாத்திரைகள் சிலருக்குச் சிறுநீரை அப்படியே அடைத்துவிடும். டூட்டி டாக்டர் வந்து குழாய் போட்டதும் 900 மில்லி வந்தது. ஐயா அரை மணி நேரத்தில் குறட்டை விட்டார், பி.பி.யும் இறங்கியது. தூக்க ஊசி போட்டிருந்தால் அவர் வாயையும் அடைத்திருப்போம்.

ப்ராஸ்டேட்டுக்கு டாம்சுலோசின் தொடங்கும் இதய நோயாளிகளுக்கு நான் கட்டாயம் சொல்வது ஒன்று. ஏற்கெனவே பி.பி. மாத்திரை, கூடவே இதுவும் சேரும்போது எழுந்து நின்றால் தலை சுற்றும். ராத்திரி எழும்போது கட்டிலில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு எழுங்கள், நின்றபடி போகாமல் உட்கார்ந்து போங்கள். கௌரவம் பார்ப்பார்கள். இடுப்பெலும்பு முறிந்து எங்கள் வார்டிலிருந்து எலும்பு வார்டுக்குப் போனவர்களைப் பார்த்திருப்பதால் நான் விடுவதில்லை.

டாபாகிளிஃப்ளோசின் வந்த பிறகு இன்னொரு பேச்சு சேர்ந்திருக்கிறது. சர்க்கரைக்காக வந்த மாத்திரை இது. இதயம் பலவீனமானவர்களுக்கு இதைக் கொடுத்துப் பார்த்த டாபா-ஹெச்.எஃப். ஆய்வு 2019இல் வெளியான பிறகு சர்க்கரை இல்லாத இதய நோயாளிகளுக்கும் தருகிறார்கள். 2020இல் இந்தியாவில் முதல் காப்புரிமை முடிந்து விலையும் இறங்கியது. நல்ல மருந்து. ஆனால் சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுவதால் பிறப்புறுப்பில் பூஞ்சை வந்து அரிக்கும், பெண்களுக்கு அதிகமாக. இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் யாரிடமும் சொல்ல முடியாமல் மாத்திரையை அவர்களாகவே நிறுத்திவிடுகிறார்கள். நாங்கள் முன்னதாகவே சொல்லிவிடுகிறோம்: ஒவ்வொரு முறையும் தண்ணீரில் கழுவித் துடையுங்கள், பருத்தி உள்ளாடை போடுங்கள், அரித்தால் நிறுத்தாமல் வந்து சொல்லுங்கள், களிம்பிலேயே சரியாகிவிடும்.

டிஸ்சார்ஜ் அன்று சொல்வதில் ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லோருக்கும் தெரிந்தது. தெரியாதது மூட்டுவலி மாத்திரை. டைக்ளோஃபெனாக் போன்றவை உப்பையும் நீரையும் பிடித்துவைக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். நாங்கள் கஷ்டப்பட்டு வடித்த நீரெல்லாம் சில நாளில் திரும்பிவிடும். ஸ்பைரனோலாக்டோன் என்ற நீர் மாத்திரை போடுகிறவர் உடம்புக்குக் குளிர்ச்சி என்று தினமும் இளநீர் குடித்தால் பொட்டாசியம் ஏறும் என்பதும் பலருக்கு அதிர்ச்சியாக இருக்கும். 3 நாளில் 2 கிலோ ஏறினால் மூச்சு வாங்கும் வரை காத்திருக்காமல் வந்துவிடுங்கள் என்று மாத்திரைக் கவரின் மேலேயே பெரிதாக எழுதிக் கொடுக்கிறேன்.

இத்தனைக்கும் பிறகு, நீர் மாத்திரை கொடுக்கும் வார்டில் கழிப்பறை வராந்தாவின் கடைக்கோடியில் இருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. இதய நோயாளி படுத்தபடி பெட்பேனில் முக்குவதைவிடக் கட்டிலருகே கமோடு நாற்காலியில் உட்காருவது இதயத்துக்குச் சுமை குறைவு. அதற்குத் தேவை சில நாற்காலிகளும், பிடித்து எழ ஒரு கம்பியும், இழுத்துவிட ஒரு திரையும். நாங்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டுக் கேட்டோம். கம்பியும் திரையும் வந்துவிட்டன. நாற்காலிகளுக்கு அடுத்த மாதக் கூட்டத்தில் மறுபடி கேட்கப் போகிறேன்.