பத்துத் துளையில் ஒரு அளவுப் பட்டை

கோவையில் ஒரு டூல்ரூமில் சேர்ந்து இரண்டாவது வருடம். கட்டிங் மெஷினில் வெட்டும் நீளத்தை நிறுத்திக் காட்டும் ஸ்டாப்பரை செட் செய்ய ஓர் அளவுப் பட்டை கேட்டார்கள். 10 மி.மீ.யில் தொடங்கி, பத்துப் பத்தாக 360 வரை எல்லா அளவும் வர வேண்டும். இரண்டு துளைகளில் பின் செருகினால், நடுவில் உள்ள தூரம்தான் அளவு.

நான் நேராக 37 துளை போட ஆரம்பித்துவிட்டேன். ஒவ்வொன்றுக்கும் சென்டர் டிரில், டிரில், அப்புறம் துளையைச் சரியான அளவுக்குச் சீராக்கும் 6 மி.மீ. ரீமர். இருபத்து மூன்றாவது துளையில் டிரில் லேசாக நகர்ந்தது. பட்டை ரிஜெக்ட். அரை நாள் வேலை போன வருத்தம் இப்போதும் நினைவிருக்கிறது.

ஃபோர்மேன் அண்ணன் திட்டவில்லை. ஓர் அட்டைத் துண்டைக் கிழித்து 0, 1, 4, 6 என்று நான்கு கோடு போட்டார். "இதுல அஞ்சு எங்க இருக்கு, காட்டு தம்பி" என்றார். நான் பூஜ்ஜியத்தையே பிடித்துக்கொண்டு தேடினேன். 1-க்கும் 6-க்கும் நடுவில் அது இருப்பது தெரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. 4-க்கும் 6-க்கும் நடுவில் 2, 1-க்கும் 4-க்கும் நடுவில் 3. நான்கு கோட்டில் ஆறு ஜோடி, ஆறு அளவும் ஒவ்வொரு தடவை.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒன்பது துளை போட்டால் 36 ஜோடி கிடைக்கும். வேண்டியதும் 36 அளவுதான். அப்படியானால் ஒன்பதே போதுமே! நான்கு நாள் நோட்டில் போட்டுப் பார்த்தேன், வரவில்லை. ஏன் வராது என்று பிறகுதான் புரிந்தது.

10 மி.மீ.யை 1 என்று வைத்துக்கொள்வோம். 36 ஜோடியில் 36 அளவும் வர வேண்டுமானால், எந்த அளவும் இரண்டு தடவை வரக் கூடாது. ஆகவே எட்டு இடைவெளிகளும் வேறு வேறு; கூட்டினால் 36. அப்படியென்றால் அவை 1 முதல் 8 வரைதான். 1-ஐ 8 தவிர எதன் பக்கத்தில் வைத்தாலும், கூட்டினால் ஏற்கெனவே உள்ள ஓர் இடைவெளி மறுபடி வரும். அதனால் அது ஓரத்தில், 8-ஐ ஒட்டித்தான் நிற்க முடியும். 2-ஐ 6-க்குள் எதோடு சேர்த்தாலும் அதே கதை. 7-ஓடு சேர்த்தால் 9, அது 1-ம் 8-ம் சேர்ந்து முன்பே வந்துவிட்டது. ஆக 2-க்கும் 8 மட்டுமே துணை. 1, 8, 2 என்று பட்டை இரண்டு பக்கமும் அடைபட்டுவிடுகிறது. மற்ற ஐந்துக்கும் இடமே இல்லை. இதைப் பார்த்த நிமிடம் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

பத்துத் துளையில் முடியும். அதில் 45 ஜோடி இருப்பதால், சில அளவு இரண்டு தடவை வந்தாலும் பரவாயில்லை. அந்த விடை நான் கண்டுபிடித்ததல்ல. விக்மன் என்பவர் 1963-இல் காட்டிய அமைப்பு. இடைவெளிகள் 1, 2, 3, 7, 7, 7, 4, 4, 1. நமக்கு 0, 10, 30, 60, 130, 200, 270, 310, 350, 360 மி.மீ. ஒவ்வோர் அளவாகச் சரிபார்த்து, 180 எங்கே என்று தேடி, 130-க்கும் 310-க்கும் நடுவில் பிடித்தேன். ரேடியோ தொலைநோக்கியின் ஆன்டெனாக்களை வரிசையில் நிறுத்தும்போதும் இதே கணக்குதான் பார்க்கிறார்கள். அங்கேயும் இரண்டுக்கு நடுவே உள்ள தூரம்தான் முக்கியம்.

பட்டையை அன்று மதியத்துக்குள் முடித்துவிட்டேன். எந்த அளவுக்கு எந்த இரண்டு துளை என்று ஒரு அட்டவணை எழுதி மெஷினிலேயே ஒட்டினோம். அது இல்லாமல் ஆபரேட்டருக்குச் சிரமம்.

அடுத்த வருடம் 430 வரை வேண்டும் என்று வந்தார்கள். புதுப் பட்டை எடுத்து, நடுவில் இன்னொரு 70 சேர்த்தேன். மொத்தம் 11 துளை.