குன்னூர்க் குளிரில் ஹோமர் புறாவுக்குத் தீனி: கலவையும் அளவும் மழைக்கால ஈரமும்

எங்கே விட்டாலும் கூடு திரும்பும் பந்தயப் புறாதான் ஹோமர். 20 ஹோமர் உள்ள கூண்டுக்கு ஒரு நாளைக்கு 600 முதல் 700 கிராம் தீனி ஆகிறது. புறா ஒன்றுக்கு 30–35 கிராம் கணக்கு. டிசம்பர், ஜனவரி பனியில் 40 வரை ஏறும். டம்ளரில் அளந்தால் கணக்கு தவறும். ஒரே டம்ளரில் கம்பு ஒரு எடை நிற்கும், உமியுள்ள பார்லி வேறு எடை நிற்கும். சமையலறைத் தராசே போதும்.

இப்போது ஓடும் அடிப்படைக் கலவை, 10 கிலோவுக்கு: சிறுமணி மக்காச்சோளம் இரண்டரை, வெள்ளைச் சோளம் ஒன்றரை, கோதுமை ஒன்றரை, வெள்ளைப் பட்டாணி ஒன்றரை, கம்பு ஒன்று, பார்லி ஒன்று, பச்சைப்பயறு அரை, குசும்பா விதை அரை. புரதம் ஏறக்குறைய 13 சதவீதம் வரும், கொழுப்பு நாலரைக்குள் நிற்கும். ஜோடி போடாத, தூரப் பயிற்சிக்குப் போகாத புறாவுக்கு இது தாராளம். பயறையும் தானியத்தையும் தனித்தனி நாளில் போடாமல் சேர்த்தே போட ஒரு காரணம் உண்டு. லைசினும் மெத்தியோனினும் புரதத்தில் உள்ள அமினோ அமிலங்கள். தானியத்தில் லைசின் குறைவு. பட்டாணியிலும் பயறிலும் லைசின் நிறைய, மெத்தியோனின் குறைவு. இரண்டும் சேர்ந்து உள்ளே போனால் ஒன்றின் குறையை மற்றது நிரப்பும்.

கலவையில் மிகவும் உதவுவது பார்லிதான். மளிகைக் கடைப் பார்லி அரிசி தீட்டியது. அதைப் புறா தயங்காமல் தின்றுவிடும். தீவனக் கடையில் உமியோடு கேட்டு வாங்க வேண்டும். தட்டில் போட்டதும் முதலில் பட்டாணியும் மக்காச்சோளமும் காலியாகும், அப்புறம் கோதுமையும் கம்பும். பார்லியை அலகால் ஒதுக்கித் தள்ளும், பசி மிச்சமிருந்தால்தான் பொறுக்கும். அதனால் மொத்தமாகக் கொட்டாமல் கைப்பிடி கைப்பிடியாகப் போட்டுக்கொண்டே பார்க்க வேண்டும். இரண்டு மூன்று புறா பார்லியை விட்டுவிட்டுத் தண்ணீருக்குப் போனதும் நிறுத்திவிடலாம். பார்லி ஒரு மணிகூட மிஞ்சாமல் தீர்ந்தால் தீனி பற்றவில்லை. பட்டாணியே மிச்சம் கிடந்தால் மிக அதிகம். தராசு சொல்வது தொடக்க அளவு, அன்றன்றைய குளிருக்கு அதைத் திருத்துவது பார்லி.

மலையில் பெரிய எதிரி ஈரம். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. மேட்டுப்பாளையத்தில் காய்ந்து வந்த மக்காச்சோளம்கூட இங்கே சாக்கில் கிடந்தால் காற்று ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மூட்டை வந்ததும் உப்புச் சோதனை செய்துவிட வேண்டும். காய்ந்த கண்ணாடி பாட்டிலில் கால் பாகம் தானியம், இரண்டு ஸ்பூன் காய்ந்த தூள் உப்பு, மூடி நன்றாகக் குலுக்கிச் சிறிது நேரம் வைத்தால் போதும். உப்பு பாட்டில் சுவரில் ஒட்டினால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல். மறுபடி காயாமல் அந்தத் தானியத்தைச் சேமிக்கக் கூடாது. உதிர்ந்து அடியில் நின்றால் தகர டின்னில் போடலாம். டின் பலகை மேல் நிற்கட்டும், சுவரைத் தொடாமல். மழை மாதங்களில் இரண்டு வாரத்துக்கு மேல் வாங்கி வைப்பதில்லை.

பூஞ்சை வாடை வந்த மக்காச்சோளத்தையும் நிலக்கடலையையும் கழுவியோ வறுத்தோ காப்பாற்ற நினைக்க வேண்டாம். பூஞ்சை விடும் நச்சான அஃப்ளாடாக்சின் அந்தச் சூட்டில் முழுதாகப் போகாது, புறாவின் ஈரலைத்தான் தாக்கும். கடலையை ஓட்டோடு வாங்கி வீட்டில் உடைப்பது நல்லது. சுருங்கியதும் கறுத்ததும் குப்பைக்கு. இளஞ்சிவப்பு நிறம் ஏறிய சோளமோ மக்காச்சோளமோ விதைப்புக்காக மருந்து கலந்தது. விலை மலிவென்று அதைத் தொடவே கூடாது. பச்சை நிறக் காய்ந்த பட்டாணி என்றால் தண்ணீரில் ஊறப்போட்டுச் சாயம் இறங்குகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். தானியத்துக்கு உயிர் இருக்கிறதா என்று அறிய 100 பயறை ஈரத் துணியில் முடிந்து வைத்தால் மூன்றாம் நாள் தெரிந்துவிடும். பாதிகூட முளைக்கவில்லையென்றால் அது பழைய சரக்கு.

பயிற்சிக்கு மேட்டுப்பாளையத்தில் விட்டால் குன்னூர் வர 1,500 மீட்டர் ஏற வேண்டும். ஏற்றம் என்றதும் கடலையை அள்ளிப் போடத் தோன்றும். இந்தத் தூரத்துக்கு அது வேண்டாம். புறா கனத்துப்போய்ப் பாதி வழியில் மரத்தில் உட்காரும், வல்லூறுக்கு வசதியாகிவிடும். முதல் நாள் மாலை அடிப்படைக் கலவையில் பார்லியைப் பாதியாக்கி, குறைத்த எடைக்கு மக்காச்சோளம் சேர்த்தால் போதும். காலையில் இரைப்பை காலியாக இருக்கும்போது விடலாம். தண்ணீர் மட்டும் கொடுக்கலாம். பல மணி நேரம் பறக்கும் பந்தயம் வேறு கணக்கு. அங்கே சிறகுத் தசைக்கு எரிபொருள் பெரும்பாலும் கொழுப்புதான். கடைசி மூன்று மாலைகளில் தீனி முடிந்தபின் புறா ஒன்றுக்கு ஐந்தாறு வறுக்காத நிலக்கடலைப் பருப்பு கொடுக்கலாம். மார்பு இறகை ஊதி விலக்கினால் தோல் இளஞ்சிவப்பாகத் தெரிய வேண்டும். நீலம் பாரித்திருந்தால் அந்தப் புறாவை அனுப்புவதில்லை.

ஜோடி போட்டபின் மக்காச்சோளத்தை ஒன்றரைக்கும் பார்லியை அரைக்கும் இறக்கி, பட்டாணியை இரண்டரைக்கும் பயறை ஒன்றுக்கும் ஏற்றினால் புரதம் 15 சதவீதம் ஆகும். முட்டை பொரிய 17, 18 நாள். முதல் சில நாள் தாயும் தகப்பனும் கழுத்தடித் தீனிப்பையில் சுரக்கும் இரைப்பைப் பாலைத்தான் ஊட்டும். பிறகு தானியம் கலக்கத் தொடங்கும். அந்த நாட்களில் தட்டும் தண்ணீரும் பகலில் காலியாகக் கூடாது. ஒரு நாள் தீனி தட்டினாலும் வளரும் இறகில் குறுக்குக் கோடு விழும், அடுத்த இறகுதிர்வு வரை அது மறையாது.

கிரிட் என்பது செரிமானத்துக்கும் சுண்ணாம்புச் சத்துக்கும் புறா கொத்தும் கல், கிளிஞ்சல் கலவை. 5 கிலோவுக்கு: நொறுக்கிய கிளிஞ்சல் 2 கிலோ, நன்கு சுட்ட செங்கல் நொறுக்கு ஒன்றரை, பொடிக்கல் ஒன்று, மரக்கரி 400 கிராம், உப்பு 100 கிராம். தேயிலை விளையும் புளிப்பு மண்ணில் சுண்ணாம்புச் சத்து குறைவு, வெளியே மேய்ந்து தேடிக்கொள்ளும் என்று விட முடியாது. புறா சுவர்ச் சுண்ணாம்பைக் கொத்தினாலோ முட்டை ஓடு தோலாக வந்தாலோ முதலில் கிரிட் பெட்டியைப் பாருங்கள். மழையில் உப்பு கசிந்து அது கட்டிபட்டிருக்கும். நாலு நாளைக்குத் தேவையானதை மட்டும் வைத்து, கட்டிபட்டதை எறிந்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும்.