பிளாட்டினம் போனது, ஆர்.பி.எம். முள் ஆடத் தொடங்கியது

எங்கள் வண்டி 1966 மாடல் எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார், குன்னூரில் நிற்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழை பிடித்துவிட்டால் ஸ்பார்க்கை ஒவ்வொரு சிலிண்டருக்கும் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ளும் இங்கே ஈரம் இறங்கிவிடும். காலையில் ஸ்டார்ட் ஆகாது. அந்த வண்டியின் லூகாஸ் 25டி4 டிஸ்ட்ரிபியூட்டரில், கரன்ட்டை வெட்டி ஸ்பார்க்கை வரவைக்கும் பிளாட்டினம் பாயின்ட்டின் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. வரை இருக்க வேண்டும். தண்டு தேய்ந்துவிட்டால் எவ்வளவு சரிசெய்தாலும் அது நிலைக்காது. அதனால்தான் பாயின்ட்டையும் கண்டன்சரையும் கழற்றிவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் மாட்டினோம்.

இன்ஜின் அருமையாக ஓடியது. ஆனால் இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டும் ஆர்.பி.எம். முள் 2500 வரை ஒழுங்காக ஏறி, அதற்குமேல் துள்ளியது, திடீரென்று பூஜ்ஜியத்துக்கு விழுந்தது. சமவெளியில் ஓட்டுபவர்களுக்கு இது பெரிய விஷயமாக இருக்காது. பர்லியாறு இறக்கத்தில் கொண்டை ஊசி வளைவுக்கு முன்னால் மூன்றாவதிலிருந்து இரண்டாவது கியருக்கு மாறும்போது எனக்கு அந்த முள் வேண்டும். பிரேக்கைச் சூடாக்காமல் இன்ஜின் இழுப்பிலேயே இறங்க வேண்டும், இன்ஜினையும் அளவுக்கு மீறிச் சுற்றவிடக்கூடாது.

கோவையில் ஒரு கடையில் காட்டினேன். ஆர்.பி.எம். மீட்டரைத் திறந்துகூடப் பார்க்காமல், “இது போயிடுச்சு சார், வேற போட்டுக்கலாம்” என்றார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. பாயின்ட் இருந்தவரை சரியாகக் காட்டிய மீட்டர், அதைக் கழற்றிய அன்றே எப்படிச் சாகும்?

குன்னூரில் எங்களுக்குப் பழக்கமான ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணன்தான் டயலின் அடியில் இருந்த சின்ன எழுத்தைக் காட்டினார். ஆர்.வி.ஐ. என்று இருந்தது. “தம்பி, இது கரன்ட்டை எண்ணுற மீட்டர். காயிலுக்குப் போற கரன்ட் இது வழியாத்தான் போகணும்” என்றார். ஸ்பார்க்குக்கு வேண்டிய உயர் வோல்டேஜை உண்டாக்குவதுதான் காயில். இந்த வகை ஸ்மித்ஸ் மீட்டரில், இக்னிஷன் சாவியிலிருந்து வரும் வெள்ளை ஒயர் மீட்டரின் முதுகில் உள்ள ஒரு சின்னக் கட்டையைச் சுற்றிவிட்டுத்தான் காயிலுக்குப் போகும். ஒவ்வொரு ஸ்பார்க்குக்கும் அந்த ஒயரில் கரன்ட் வெட்டி ஓடும், மீட்டர் அந்த வெட்டை எண்ணும். நான்கு சிலிண்டர் வண்டியில் ஒரு சுற்றுக்கு 2 ஸ்பார்க். அதாவது 3000 ஆர்.பி.எம்.மில் நொடிக்கு 100. பாயின்ட்டும் கண்டன்சரும் வெட்டுகிற விதம் வேறு, எலக்ட்ரானிக் இக்னிஷனில் உள்ள டிரான்சிஸ்டர் வெட்டுகிற விதம் வேறு. மீட்டர் பழைய வெட்டுக்குப் பழகியது.

பிறகு வயரிங்கைத் தொடர்ந்து பார்த்தோம். எலக்ட்ரானிக் இக்னிஷன் மாட்யூலின் சிவப்பு ஒயரைக் காயிலின் பிளஸ் முனையில் கொடுத்திருந்தார்கள். கூட வந்த தாளில் அப்படித்தான் இருக்கிறது, சாதாரண வண்டிக்கு அது சரிதான். ஆனால் இந்த மீட்டர் உள்ள வண்டியில் மாட்யூல் குடிக்கிற கரன்ட்டும் மீட்டரின் கட்டையைச் சுற்றியே வருகிறது. அதை எடுத்து, மீட்டருக்கு முன்னாலேயே, சாவி போட்டால் கரன்ட் வரும் வெள்ளை ஒயரில் கொடுத்தோம். இப்போது மீட்டர் வழியாகக் காயிலின் கரன்ட் மட்டும் போகிறது. துள்ளல் அடங்கியது.

முழுதாக இல்லை. 4000-க்கு மேல் முள் தயங்கியது. கட்டையில் இருந்த ஒயரை இன்னும் ஒரு சுற்று கூட்டிப் பார்க்கலாம் என்று அண்ணன் சொன்னார். துடிப்பு பலவீனமாக இருந்தால் சுற்றைக் கூட்டுவது, ஒன்றை இரண்டாக எண்ணினால் குறைப்பது. ஏற்கனவே இருக்கிற சுற்றின் திசையிலேயே சுற்ற வேண்டும். சுற்றியதும் தயக்கம் போனது. கூடவே புல்லட் கனெக்டர்களையும் மீட்டரின் எர்த்தையும் உப்புத்தாளால் சுரண்டிச் சுத்தம் செய்தோம். குன்னூர் ஈரத்தில் அங்கே பச்சை பிடிக்காத பழைய வண்டியை நான் பார்த்ததில்லை.

காட்டுகிற எண் உண்மையா என்பதை, ஸ்பார்க் விழும் நேரத்தைச் சரிபார்க்கும் டைமிங் லைட்டில் உள்ள ஆர்.பி.எம். அளவோடு ஒப்பிட்டோம். ஐடிலில் ஒத்துப்போனது. ஓவர்டிரைவ் (கூடுதல் உயர் கியர்) இல்லாத எம்ஜிபிக்குச் சாலையிலும் ஒரு கணக்கு உண்டு: நான்காவது கியரில் 1000 ஆர்.பி.எம்.முக்கு உத்தேசமாக மணிக்கு 29 கி.மீ. வெலிங்டன் பக்கம் கொஞ்சம் சமமான இடத்தில் பார்த்தேன், பொருந்தியது.

காயிலைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். “நல்ல ஸ்பார்க் வரும்” என்று 1.5 ஓம் காயிலைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். நான்கு சிலிண்டருக்கான இந்த மாட்யூல் 3 ஓம் காயிலுக்குச் செய்தது. ஓம் பாதியானால் கரன்ட் ஏறக்குறைய இரட்டிப்பாகும், மாட்யூல் சூடாகும், மீட்டரும் குழம்பும். மல்டிமீட்டரை வைத்து அளந்துவிட்டு மாட்டுங்கள்.

எம்ஜிபியில் 1973 முதல் வந்த மீட்டரில் ஆர்.வி.சி. என்று இருக்கும். அது வேறு வகை. காயிலின் மைனஸ் முனையிலிருந்து வரும் ஒயரில் வோல்டேஜை எண்ணும், ஆகவே கட்டைச் சுற்று வேலையெல்லாம் அதற்குக் கிடையாது. அந்த ஒயரும் எர்த்தும் சரியாக இருக்கிறதா என்று பார்த்தால் போதும். எந்த வகையானாலும், சோதிக்கும்போது இன்ஜின் ஓடாமல் சாவியை ஆனில் விட்டுவைக்காதீர்கள். மாட்யூல் எரிந்துவிடும்.